புள்ளி போதுமா, பார்த்துக் கொடுங்கள்!

செல்போனில் பளிச்சென்று தெரிகிற போட்டோ, பெரிதாகப் பிரிண்ட் போட்டு வந்ததும் மங்கலாகிப் போகிறதே, ஏன்? "ஸ்டூடியோக்காரர் சரியாகப் போடலே" என்று அவர் தலையில் பழியைப் போட்டுவிடுகிறோம். பல சமயம் கோளாறு அவரிடம் இல்லை; நாம் கொடுத்த படத்திலேயே இருக்கிறது.

டிஜிட்டல் போட்டோ என்பது வரிசை வரிசையாக வைத்த வண்ணப் புள்ளிகள்தான். பிக்ஸல் என்று அதற்குப் பெயர். கோலத்துக்கு வைத்த அதே புள்ளிகளை வாசல் முழுக்கப் பரப்பினால் இடைவெளி கூடிவிடும் அல்லவா? படமும் அப்படித்தான். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 இருந்தாலும் போதும்.

கணக்கு சுலபம். படத்தின் அங்குலத்தை 300 ஆல் பெருக்குங்கள். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 புள்ளிகள் வேண்டும்; 8க்கு 10 என்றால் 2400க்கு 3000. 12 மெகாபிக்ஸல் செல்போன் காமிரா ஏறக்குறைய 4000க்கு 3000 புள்ளிகள் எடுக்கும். ஆகவே 8க்கு 10 தாராளமாகப் போடலாம்.

சிக்கல் வருவது வாட்ஸப்பில்தான். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருங்கிவிடும். அதை 12க்கு 18 போட்டால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது.

"கம்ப்யூட்டரில் பெரிசு பண்ணிக்கலாமே" என்கிறீர்களா? பண்ணலாம். ரீசாம்ப்ளிங் என்பது அதுதான். பக்கத்திலிருக்கும் 4 புள்ளிகளையோ 16 புள்ளிகளையோ பார்த்து, நடுவில் இன்ன நிறம் இருக்கலாம் என்று கம்ப்யூட்டர் ஊகித்து நிரப்பும். மோரில் தண்ணீர் விட்டால் டம்ளர் நிறையும், ருசி ஏறுமா? படத்தில் 72 டிபிஐ என்றிருப்பதை 300 என்று மாற்றி எழுதுவதாலும் ஒரு புள்ளிகூடக் கூடாது.

இப்போது ஏ.ஐ. என்று வந்திருப்பது இன்னும் துணிச்சல்காரன். தான் பழகிய எத்தனையோ முகங்களைக் கொண்டு, இல்லாத கண்ணையும் பல்லையும் தானே வரைந்துவிடுகிறது.

எங்கள் எதிர் வீட்டு அம்மாளுக்கு அதுதான் நேர்ந்தது. அவருடைய தாயார் காலமானபோது, கல்யாண வீட்டில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றுதான் அகப்பட்டது. அதுவும் வாட்ஸப்பில் வந்தது. தாயாரின் முகம் அதில் 150 புள்ளி அகலம்தான். பெரிதாக்கி மாட்டிய படத்தைப் பார்த்ததும் அவர் அழுதே விட்டார். "அம்மாவுக்கு முன்பல் ரெண்டுக்கும் நடுவிலே இடைவெளி இருக்கும். இதிலே வரிசைப் பல்லா இருக்கே! இது எங்கம்மா இல்லே மாமி."

"முதல்லே எடுத்தது யாருன்னு விசாரிங்கோ" என்றேன். சித்தி பையன் போனில் ஒரிஜினல் அப்படியே இருந்தது. வாட்ஸப்பிலேயே 'டாக்குமெண்ட்' என்று அனுப்பச் சொன்னோம்; அப்படி அனுப்பினால் படம் சுருங்காது. முகம் 375 புள்ளிகளாயிற்று. அங்குலத்துக்கு 150 என்றால் இரண்டரை அங்குல முகம். பெரிய சைஸ் ஆசையை விட்டு, 5க்கு 7 போட்டார். பல் இடைவெளியோடு அம்மா வந்துவிட்டார்.

பிரிண்டுக்குக் கொடுக்குமுன் இவற்றைக் கவனியுங்கள்:

* போட்டோவின் விவரப் பகுதியில் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். அதற்கேற்ற சைஸைக் கேளுங்கள்.

* செல்போன் படம் பெரும்பாலும் 4க்கு 3 என்ற அளவில் இருக்கும். 4க்கு 6 பிரிண்டில் ஓரம் வெட்டுப்படும். யார் தலையும் போகாமல் எங்கே வெட்டுவது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

* பழைய 4க்கு 6 படத்தை 8க்கு 12 ஆக்க, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். நெகட்டிவ் இருந்தால் அதையே ஸ்கேன் செய்வது உத்தமம்.

* போனில் இடம் போதவில்லை என்று ஒரிஜினலை அழிக்காதீர்கள். பென்டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ ஏற்றி, இரண்டு இடத்தில் வையுங்கள். வீட்டுப் பெரியவர்களைத் தனியாக உட்கார வைத்து, வெளிச்சத்தில், கிட்டே நின்று ஒரு படம் இப்போதே எடுத்து வையுங்கள். குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுப்பதைவிட அது நூறு மடங்கு மேல்!