காவலுக்கு ஒரு நாய்; நாய்க்குக் காவல் யார்?

சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றில் காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு குடும்பத்தார் நம்மிடம் வந்தனர். குடும்பத் தலைவர் பணி ஓய்வு பெற்றவர். திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே மனை வாங்கி, வீடு கட்டிக் குடியேறி ஓராண்டுதான் ஆகிறது. மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். மருமகளும் ஐந்து வயதுப் பேரனும் உடன் இருக்கின்றனர். சுற்றியுள்ள மனைகளில் பாதி இன்னும் புதர் மண்டிக் கிடக்கின்றன. இரவானால் அச்சம்.

அவர் கைபேசியை எடுத்து ஒரு குட்டியின் படத்தைக் காட்டினார். கறுப்பு உடல், முகத்திலும் கால்களிலும் பழுப்புத் திட்டுகள். ராட்வீலர் என்னும் ஜாதி.

"சாமி, நாங்க இதுவரைக்கும் நாய் வளர்த்ததே இல்லை. காவலுக்கு இதைவிட நல்ல ஜாதி கிடையாதுன்னு சொல்றாங்க. வாங்கலாமா? வாங்கினா நீங்கதான் வந்து மந்திரிக்கணும்" என்றார்.

அவருடைய மனைவி அதுவரை பேசாதிருந்தார். பின்பு மெல்ல, "இதைப் பிடிச்சிக்கிட்டு யார் சாமி நடக்கிறது? இவருக்கு முழங்கால் வலி. நானா?" என்று கேட்டார்.

கணவர் சிரித்துவிட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மையார் கேட்டதே சரியான கேள்வி என்பதை நாம் நமது சொந்தப் பிழையால் கற்றவர்கள். அதனை இங்கே மறைக்காமல் சொல்லுகிறோம்.

நாம் செய்த பிழை

இருபது ஆண்டுகளுக்கு மேலிருக்கும். கடலோரப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், ஆலய உண்டியலை உடைக்க எவரோ முயன்றனர். நம்மீது அன்பு கொண்ட ஒருவர், "காவலுக்கு இருக்கட்டும்" என்று ராஜபாளையம் குட்டி ஒன்றைக் கொணர்ந்து தந்தார். பால் வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு. வந்தவரெல்லாம் அதன் அழகை வியந்தனர். நமக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் அதற்கென்று நாம் செய்தது என்ன? காலையில் பூசை, பகலில் பள்ளி அலுவல், மாலையில் வீடு சந்திப்பு என்று நம் பொழுது கழிந்தது. நாய் கிணற்றடியில் சங்கிலியிலேயே கிடந்தது. சமையற்காரர் சோறு வைத்தார்; அவர் ஒருவரையே அது அறிந்தது. ஒன்றரை வயதில் நம் இடுப்பளவு உயர்ந்து நின்றது. அதன் குரைப்பைக் கேட்டு, காவல் நன்றாக இருக்கிறதென்று நாம் மகிழ்ந்தோம்.

ஒருநாள் விடியுமுன், வழக்கம்போல் மணியடிக்க உபதேசியார் இருட்டில் வந்தார். சங்கிலிக் கொக்கி கழன்றிருந்தது. கூக்குரல் கேட்டு நாம் ஓடிச் சென்றபோது அவரது இடக்கை முழங்கை முதல் மணிக்கட்டு வரை கிழிந்திருந்தது. பல ஆண்டுகளாக நாள்தோறும் அந்த வாசலைக் கடந்தவர் அவர்.

சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் முதலில் சொன்னது இது: "சாமி, நாயைக் கொன்னுடாதீங்க. அது மேல தப்பு இல்லை. அதுக்கு என்னை யாரும் பழக்கிவிடலியே." அவருடைய இரண்டு விரல்கள் அதன்பின் முழுவதுமாக மடங்கவேயில்லை. இறக்கும் வரை வலக்கையாலேயே மணி அடித்தார். நாயை விவரமறிந்த ஒருவரின் தோப்புக்கு அனுப்பினோம். அங்கே அது ஓடியாடி, எவரையும் கடியாமல் வாழ்ந்ததாகக் கேள்விப்பட்டபோது நமது வெட்கம் இருமடங்காயிற்று.

எதற்காகப் பிறந்த ஜாதி?

நாய் ஜாதி ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் காட்டுப் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் உரியது. தேனி மாவட்டத்துக் கோம்பையும் அவ்வாறே. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்தும் ஓட்டக்காரர்கள். இவை நம் மண்ணின் செல்வங்கள் என்பதில் ஐயமில்லை. இவற்றைக் காக்கவே அரசின் கால்நடை பராமரிப்புத் துறை சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை நிறுவியது. 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. எனினும் பன்றியை எதிர்த்து நிற்கப் பிறந்த நாய், பத்தடிச் சங்கிலியில் மனநிறைவு கொள்ளுமா? மேலும், தூய வெண்ணிற ராஜபாளையம் குட்டிகளில் சில செவிடாகப் பிறப்பதுண்டு. குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தே எடுக்க வேண்டும்.

ராட்வீலரோ, தென்மேற்கு ஜெர்மனியின் ராட்வீல் நகரத்தின் பெயரைத் தாங்கியது. கசாப்புக்காரர்களின் மாடுகளை ஓட்டவும் வண்டி இழுக்கவும் பயன்பட்டது. வளர்ந்த ஆண் நாய் ஐம்பது கிலோ எடைக்கு வரும். முழங்கால் வலியுள்ள பெரியவர் ஒருவரை அது இழுத்தால், அவர் அதன் பின்னால் செல்வாரேயன்றி அது அவர் பின்னால் வராது.

இந்த ஜாதிகள் யாவும் கொடியவை என்று நாம் சொல்ல வரவில்லை. சிறு நாயும் கடிக்கும். ஒருவேளை அடிக்கடியும் கடிக்கும். ஆனால் சிறு நாயை வளர்ப்பவர் செய்யும் பிழைக்கு ஒரு கீறல் விலையாகலாம். பெரிய நாயை வளர்ப்பவர் செய்யும் அதே பிழைக்கு ஓர் உயிரே விலையாகலாம். முதன்முறை வளர்ப்பவர் பிழை செய்யாதிருப்பது அரிது.

2024 மே மாதத்தில் சென்னையில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் தாக்கி ஒருவர் உயிரிழந்தார். ஐந்து வயதுக் குழந்தையின் முகம் பெரிய நாயின் வாய்க்கு நேர் எதிரே இருக்கிறது என்பதைப் பேரன் பேத்தி உள்ளோர் மறக்கலாகாது.

சட்டமும் பொறுப்பும்

2024 மார்ச் 12 அன்று மத்திய அரசின் கால்நடைத் துறை, ராட்வீலர், பிட்புல் உள்ளிட்ட 23 வகை நாய்களின் விற்பனையையும் வளர்ப்பையும் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதிற்று. உரியவர்களைக் கலந்து ஆலோசிக்கவில்லை என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் அதனை ரத்து செய்தது. தமிழக அரசு மே மாதத்தில் பிறப்பித்த தடையும் உடனே திரும்பப் பெறப்பட்டது. உள்ளாட்சிகளின் விதிகளும் மாறி வருகின்றன. ஆதலால் குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேட்டறிவது நலம்.

தடைகள் வரலாம், போகலாம். வளர்ப்பவரின் பொறுப்போ மாறுவதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி, தம் வசமுள்ள விலங்கினால் பிறர் உயிருக்கு ஆபத்தோ உடலுக்குக் கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இந்நீதி புதியதன்று. யாத்திராகமம் என்று நம் முன்னோர் வாசித்த விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம், முட்டும் மாட்டைப்பற்றிப் பேசுகிறது. திடீரென ஒரு மாடு முட்டி ஒருவர் இறந்தால் அதன் உடைமையாளன்மேல் பழியில்லை. அது முட்டும் வழக்கமுடையது என்று எச்சரிக்கப்பட்டும் அவன் கட்டிக் காவாதிருந்தால், பழி அவனையே சாரும். விலங்கு அறியாது, மனிதன் அறிவான். அறிந்தவனிடமே கணக்குக் கேட்கப்படும்.

என்ன வேண்டும்?

முதலாவது, காலம். அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட், புல்லர் ஆகிய இருவர் 1965இல் வெளியிட்ட நூலில், குட்டியின் மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான பருவமே அது பிற உயிர்களோடு பழகக் கற்கும் பருவம் என்று காட்டினர். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்பது 2017ஆம் ஆண்டு விதி. ஆகவே குட்டி உங்கள் வீட்டுக்கு வந்தபின் எஞ்சுவது ஏறக்குறைய நான்கு வாரங்களே. அந்நாட்களில் அது குழந்தைகளையும், குடை பிடித்தவரையும், தபால்காரரையும், மீன் கூடைக்காரியையும், மோட்டார் சைக்கிளையும் அச்சமின்றிக் காண வேண்டும். தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் விடாமல் கைகளில் தூக்கிச் செல்லலாம். நம் உபதேசியாரை நாம் பழக்காமல் விட்ட காலம் அதுவே.

இரண்டாவது, நடை. நாள்தோறும் இருவேளை, கழுத்துப் பட்டையும் வாரும் பூட்டி, வலுவுள்ள பெரியவர் ஒருவர் நடத்திச் செல்ல வேண்டும். நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைப்பே அதன் விசிறி. நம் கரையோரத்துப் புழுக்கத்தில் அந்த விசிறியும் தளர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் விடியலிலும் இருட்டிய பின்னும் மட்டுமே நடத்துக. தார்ச் சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இக்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். இரவில் கடற்கரையில் நாயை அவிழ்த்து விடாதீர்கள். மணலைத் தோண்டி முட்டைகளை அழித்துவிடும்.

மூன்றாவது, வேலி. நாய் தாண்ட முடியாத சுற்றுச்சுவரும், தானே மூடிக்கொள்ளும் கதவும் முதலில், குட்டி பிறகு.

நான்காவது, பத்தாண்டுப் பொறுப்பு. உணவு, மருத்துவம், ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆகியவற்றுக்கு உங்கள் ஓய்வூதியம் இடங்கொடுக்குமா? நீங்கள் நோயுற்றால் அதனை யார் நடத்துவார்?

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுவோம். எந்த நாய் கடித்தாலும், தடுப்பூசி போட்ட நாயாயினும், காயத்தைச் சோப்பு இட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் வேண்டா. அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் வெளிப்பட்டபின் பிழைப்பது இல்லையென்றே சொல்லலாம். ஊசியை உரிய காலத்தில் முழுமையாகப் போட்டால் அதனைத் தடுக்கலாம்.

நாம் சொன்ன விடை

முதன்முறையாக நாய் வளர்ப்போருக்கு, அதிலும் சிறு குழந்தையும் முதியோருமே உள்ள வீட்டுக்கு, ராட்வீலரும் ராஜபாளையமும் ஏற்றவையல்ல. இதுவே நமது முடிவு. வலிய நாய் வேண்டுமென்றால், முதலில் எளிய நாய் ஒன்றை ஐந்தாறு ஆண்டு வளர்த்துப் பழகுங்கள். அல்லது நாய்ப் பழக்கம் நன்கறிந்த ஒருவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

காவலுக்கு எளிய வழி உண்டு. நம் தெருக்களில் பிறக்கும் நாட்டு நாய்க் குட்டி இந்த வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற உடலுடையது. திருடனுக்குத் தடை நாயின் பல்லைவிட அதன் குரைப்பே. குரைப்பதற்கு ஐம்பது கிலோ எடை தேவையில்லை. தோபித்து ஆகமத்தில் இளைஞன் தோபியாவின் பின்னே நடந்து சென்ற நாய் என்ன ஜாதியென்று வேதம் சொல்லவில்லை. உடன் சென்றது என்று மட்டுமே சொல்லுகிறது.

இவற்றையெல்லாம் அந்தக் குடும்பத்தாரிடம் சொல்லி, நம் உபதேசியாரின் கதையையும் சொன்னோம். பெரியவர் கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முகம் சற்று வாடியது மெய்.

மூன்று வாரம் கழித்து நற்கருணை வழங்க அத்தெருவுக்குச் சென்றபோது அவர் வீட்டில் நுழைந்தோம். சுற்றுச்சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் பேரனின் காலடியில் செம்மண் நிறக் குட்டி ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. மீனவக் குப்பத்திலிருந்து எடுத்து வந்ததாம். நம் செருப்பொலி கேட்டு எழுந்து, சிறு குரலில் நான்கு முறை குரைத்தது.

"சாமி வந்திருக்காங்க, கிட்ட வா" என்று அந்த அம்மையார் அதைத் தூக்கி நம் கையை முகரச் செய்தார். மந்திரித்துவிட்டு வந்தோம்.