ஜப்பான் முறை அமெரிக்காவில் பலித்ததா?

“ஜப்பான்காரர்களுக்குக் கட்டுப்பாடு பிறவிக் குணம். அவர்களுடைய தொழில் முறை மற்ற நாடுகளுக்கு ஒத்துவராது” என்று சொன்னவர்கள் பலர். அது சரியா என்பதை அமெரிக்காவில் ஒரு கார் தொழிற்சாலை காட்டிவிட்டது.

கலிபோர்னியா மாநிலம் பிரிமாண்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 100-க்கு 20 பேர் வேலைக்கு வராத நாட்கள் உண்டு. காரின் தரமும் மோசம். 1982-ல் ஆலையை மூடினார்கள்.

1984-ல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தது. பெரும்பாலும் பழைய தொழிலாளர்களே, தொழிற்சங்கமும் அதேதான். குறை கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்தலாம். திட்டு விழாது, உதவிதான் வரும். 1988-ல் விற்பனை சரிந்தபோதும் ஆட்குறைப்பு செய்யவில்லை. ஓரிரு ஆண்டுகளிலேயே ஜப்பான் ஆலைக்கு நிகராகத் தரம் உயர்ந்தது. 2010 வரை அந்தக் கூட்டு ஆலை நடந்தது.

அதே மாநிலத்தின் வான் நைஸ் ஆலையிலும் இம்முறையைப் புகுத்திப் பார்த்தது ஜெனரல் மோட்டார்ஸ். அங்கே நிர்வாகமும் தொழிலாளர்களும் ஒருவரையொருவர் நம்பவில்லை. முறை எடுபடவில்லை. 1992-ல் ஆலை மூடப்பட்டது.

இரண்டும் ஒரே நாடு, ஒரே மாநிலம். ஆகவே தடையாக நின்றது தேசப் பண்பாடு அல்ல, நம்பிக்கையின்மை. கயிறு கட்டுவது எளிது. அதை இழுப்பவனை நம்புவதுதான் கடினம்.

ஜப்பானியருக்கு 1950-ல் தரக் கட்டுப்பாட்டுப் பாடம் நடத்திய டெமிங் ஓர் அமெரிக்கர். அவர் பெயரால் ஜப்பான் வழங்கும் பரிசை 1998-ல் பெற்றது, சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு!