துப்பாக்கி அனுமதியும் படுவான்கரை விவசாயியும்

கொக்கட்டிச்சோலையை அண்டிய படுவான்கரைக் கிராமங்களில் வேளாண்மை குடலைப் பருவத்தை எட்டும்போது யானைகளும் காட்டுப்பன்றிகளும் வயலுக்குள் இறங்குவது யாவரும் அறிந்ததே. இரவெல்லாம் பரணில் விழித்திருக்கும் விவசாயி துப்பாக்கி ஒன்றுக்கு அனுமதி கோருவதில் வியப்பில்லை. அந்த அனுமதி எதற்கானது, எதற்கானதல்ல என்பதை நாம் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

இலங்கையில் துப்பாக்கிகளை 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமே கட்டுப்படுத்துகின்றது. பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கியை வேண்டுவோர் மாவட்டச் செயலகத்தை நாட வேண்டும். காணி உரித்துக்கான ஆவணம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலாளரின் சிபாரிசு, பொலிஸ் அறிக்கை என்பன இதில் கவனிக்கப்படும். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். தற்பாதுகாப்பு, விளையாட்டு ஆகியவற்றுக்கான துப்பாக்கிகளோ பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பிற்குரியவை. பயிரைக் காக்கப் பெற்ற துப்பாக்கியைப் பொழுதுபோக்கு வேட்டைக்கு எடுத்துச் செல்வது அனுமதியின் நோக்கத்துக்கு மாறானது. அண்டை வயற்காரருக்கு அதனை இரவல் கொடுப்பதும் தகாது. அனுமதி ஆளுக்கே அன்றி ஊருக்கு வழங்கப்படுவதில்லை.

யானையைச் சுடவும் இந்த அனுமதி இடமளிக்காது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானைக்குப் பாதுகாப்பளிக்கின்றது. வெடியோசை எழுப்பி விரட்டலாம். உயிரைப் பறிக்க முடியாது. கட்டுத்துவக்கு வைப்பது சட்டவிரோதமானது மட்டுமன்றி, விறகுக்கும் மாட்டுக்கும் காட்டோரம் செல்பவரின் காலையும் உயிரையும் பறிக்கக் கூடியது. 2023 இல் மாத்திரம் நாடு முழுவதும் 450 இற்கும் மேற்பட்ட யானைகளும் 150 இற்கும் மேற்பட்ட மனிதர்களும் மாண்டனர். துப்பாக்கி மட்டும் இதற்குத் தீர்வாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1987 இலும் 1991 இலும் கொக்கட்டிச்சோலையிலும், 1990 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் துப்பாக்கி செய்ததை நம் இரு சமூகங்களும் மறக்கவில்லை. எனவே கட்டுப்பாடு கடுமையாக இருப்பதில் தவறில்லை. ஆயினும் நேர்மையான விவசாயியை அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவது வேறு. சட்டத்தின் கதவு அடைபட்டால் கட்டுத்துவக்கின் கதவு திறந்துகொள்ளும்.

தகுதியான விண்ணப்பங்களைத் தாமதமின்றி ஆராய்வதும், எல்லைக் கிராமங்களுக்கு மின்வேலி அமைத்து அதனைச் சீராகப் பராமரிப்பதும், யானைவெடிகளை உரிய காலத்தில் வழங்குவதும் அதிகாரிகளின் கடமையாகும். யானை வயலுக்குள் இறங்கும்போது அது தமிழரின் வயலா முஸ்லிமின் வயலா என்று பார்ப்பதில்லை. கோரிக்கையும் இரு சமூகங்களிடமிருந்து ஒன்றாகவே எழுதல் நன்று.