வேல்ஸ் நாட்டில் றக்பி: வர்க்கமும் தேசிய உணர்வும்

கலை இலக்கியங்களின் சமூக அடித்தளத்தை ஆராய்வதில் நாம் காட்டும் அக்கறையை விளையாட்டுக்களின்பாற் காட்டுவதில்லை. உழைக்கும் மக்கள் தமது ஓய்வு நேரத்தை எவ்வாறு கழித்தனர் என்பதும் அவர்தம் வரலாற்றின் ஒரு கூறேயாகும். இவ்வகையில் வேல்ஸ் நாட்டில் றக்பி ஆட்டம் பெற்ற வளர்ச்சி தனிக்கவனத்துக்குரியது. இங்கிலாந்தில் மேற்குடியினரின் பாடசாலைகளில் உருவான ஓர் ஆட்டம், அயல் நாடான வேல்ஸில் நிலக்கரித் தொழிலாளரின் ஆட்டமாக மாறியது எவ்வாறு? அம்மாற்றத்தால் எவ்வர்க்கம் நன்மை பெற்றது? இவ்விரு வினாக்களையும் இங்கு நோக்குவோம்.

லாம்பீட்டர், லான்டவரி முதலிய இடங்களிலிருந்த கல்லூரிகள் வாயிலாகவே றக்பி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேல்ஸை அடைந்தது. 1871இல் நீத் நகரக் கழகமும், 1881இல் அதே நகரில் வேல்ஸ் றக்பிச் சங்கமும் தோன்றின. தொடக்கத்தில் இவற்றைப் பேணியோர் பெரும்பாலும் மத்தியதர வர்க்கத்தினரே. ஆயின் அதே காலத்தில் நாட்டின் பொருளாதார அடித்தளம் மாறிக்கொண்டிருந்தது. 1851இல் ஏறத்தாழ 12 இலட்சமாயிருந்த சனத்தொகை 1911இல் 24 இலட்சமாயிற்று. தென்வேல்ஸ் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் வேல்ஸ் மொழி பேசிய கிராமத்தவரும் இங்கிலாந்திலிருந்து வந்தோரும் அருகருகே குடியேறினர். பழைய கிராம உறவுகள் அற்ற இப்புதிய ஊர்களில் தேவாலயமும், மதுச்சாலையும், தொழிற்சங்கமும், றக்பிக் கழகமுமே மக்களை ஒன்றிணைத்தன. மொழியால் வேறுபட்டோர் சனிக்கிழமை பிற்பகலில் ஒரே ஊரவராயினர்.

ஆட்டத்துக்குப் பணம் பெறலாகாது என்ற விதி இங்கு மனங்கொள்ளத்தக்கது. செல்வர்க்கு அது ஓர் ஒழுக்கநெறி. நாட்கூலி இழந்து ஆட வந்த தொழிலாளிக்கோ அது தண்டனை. இழந்த கூலிக்கு ஈடு வழங்கவேண்டுமென வட இங்கிலாந்துக் கழகங்கள் கோரின. 1893இல் அக்கோரிக்கை நிராகரிக்கப்படவே, 1895இல் 20க்கும் மேற்பட்ட கழகங்கள் பிரிந்து சென்றன. பின்னாளில் றக்பி லீக் எனப் பெயர் பெற்ற ஆட்டம் இப்பிரிவினின்றே வளர்ந்தது. வேல்ஸில் இத்தகைய பிளவு நேரவில்லை. 1897இல் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஆர்தர் கூல்டுக்கு மக்கள் திரட்டிய நிதியைக்கொண்டு ஒரு வீடு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. சர்வதேசச் சபை இதனைக் கண்டித்தபோது வேல்ஸ் அச்சபையிலிருந்து விலகியது. எனினும் சமரசம் ஏற்பட்டு அடுத்த ஆண்டில் மீண்டும் இணைந்தது. விதி ஏட்டில் நிலைத்தது. நடைமுறை அதனை நெகிழ்த்தியது. தொழிலாளரை வெளியேற்றினால் வேல்ஸில் றக்பியே இராது என்பதைச் சங்கத் தலைவர்கள் உணர்ந்திருந்தனர் எனக் கொள்ளலாம்.

1905 டிசெம்பர் 16ஆம் திகதி, அச்சுற்றுப்பயணத்தில் அதுவரை தோல்வியே காணாத நியூசிலாந்து அணியை வேல்ஸ் கார்டிஃப் நகரில் 3-0 என வென்றது. ஆட்டத்தின் முன்னர் வேல்ஸ் மொழியிலமைந்த நாட்டுப்பண் மைதானமெங்கும் ஒலித்தது. உடலுழைப்பாளரும் படித்த தொழிலினரும் அவ்வணியில் ஒருங்கே இடம்பெற்றனர். வர்க்க பேதமற்ற தேசம் ஒன்று அங்கு காட்சியளித்தது. ஆயின் ஐந்து ஆண்டுகளின் பின், 1910 நவம்பரில், டோனிபாண்டியில் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் கலவரமாக வெடித்தது. கடைகள் பல நொறுக்கப்பட்டன. ஆனால் 1905 வெற்றியில் பங்குகொண்ட வில்லி லுவெலினின் மருந்துக்கடை தாக்கப்படாமல் விடப்பட்டது என்பர். இந்நிகழ்ச்சி இருபுறமும் கூர்மையுடையது. தேசிய உணர்வு வர்க்க எல்லையை ஓரிடத்தில் மங்கச் செய்தமை உண்மையே. ஆயினும் வேலைநிறுத்தத்தை அது தடுக்கவில்லை. மைதானத்தில் ஆர்ப்பரித்த மக்களே சுரங்க முதலாளிகளை எதிர்த்தும் நின்றனர். எனவே விளையாட்டை வெறும் அபினியெனத் தள்ளிவிடுவது வரட்டுவாதமாகும்.

இரு உலகப் போர்களுக்கிடைப்பட்ட பொருளாதார நெருக்கடியின்போது, வேலையற்ற ஆட்டக்காரர் பலர் பிழைப்பு நாடி வட இங்கிலாந்தின் றக்பி லீக் கழகங்களுக்குச் சென்றனர். 1970களில் ஏற்பட்ட மறுமலர்ச்சியின் நாயகர்களான கரத் எட்வர்ட்ஸ், பரி ஜோன் ஆகிய இருவரும் சுரங்கத் தொழிலாளரின் மைந்தர்களே. 1972இல் நியூசிலாந்தை 9-3 என வென்ற லனெத்லி கழகத்தின் பயிற்றுநர் கார்வின் ஜேம்ஸும் அவ்வாறே. வேல்ஸ் இலக்கியம் கற்பித்த அறிஞர் அவர்.

1984-85 வேலைநிறுத்தத்தின் தோல்வியைத் தொடர்ந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1995இல் றக்பி வெளிப்படையாகவே ஊதியம் பெறும் ஆட்டமாயிற்று. ஆட்டக்காரரின் உழைப்புக்கு ஊதியம் கிடைத்தமை நீண்டகால அநீதியொன்றின் முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊதியத்தோடு சந்தையும் வந்தது. 2003இல் பழைய கழகங்களுக்கு மேலாக ஐந்து பிராந்திய அணிகள் நிறுவப்பட்டன. பொன்ரிபிறித், பிரிட்ஜென்ட் பகுதிகளுக்குரிய அணி மறு ஆண்டிலேயே இலாப நட்டக் கணக்கின் பேரில் கலைக்கப்பட்டது. சுரங்கத்தை இழந்த பள்ளத்தாக்குகள், தமக்கெனவிருந்த முதல்தர அணியையும் இழந்தன.

ஓர் ஆட்டத்தை மக்கள் தமதாக்கிக் கொள்ளலாம். அதனை நிருவகிக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லாதவரை அவ்வுரிமை நிலையற்றதே. வேல்ஸ் றக்பியின் வரலாறு உணர்த்துவது இதுவேயாகும்.