பெயரோடு வந்த கடன்

புகை எழுந்தது. வெள்ளைப் புகை! 2025-ஆம் ஆண்டு மே 8-ந் தேதி மாலை, ரோமாபுரியிலே, சிஸ்டைன் கோவிலின் கூரைமீது அந்தப் புகை கிளம்பியதும் மணிகள் முழங்கின. சதுக்கத்தில் திரண்டிருந்த பெருங்கூட்டம் ஆரவாரித்தது. 133 கார்டினல்கள் கதவடைத்துக் கூடி, இரண்டாவது நாளிலேயே புதிய போப்பாண்டவரைத் தேர்ந்தெடுத்துவிட்டனர்.

நமக்குத் தெரிந்த புகை ஆலைப்புகை, தோழர்களே! அது வெள்ளையுமல்ல, அதைக் கண்டு கைதட்டுவாருமில்லை. ஆலைச் சங்குக்கு எழுந்தோடும் நமக்கு, ரோமாபுரிப் புகையிலே என்ன அக்கறை என்று கேட்பீர்கள். நான் வேதக்காரன் அல்லன். ஆயினும், வந்தவர் சூடிக்கொண்ட பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ராபர்ட் பிரிவோஸ்ட் என்பது அவரது இயற்பெயர். 1955-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே பிறந்தவர். பெரு நாட்டிலே பல்லாண்டு பணிபுரிந்து, சிக்லாயோ என்னும் ஊரின் ஆயராக இருந்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். அவர் பூண்ட பெயர், 14-வது லியோ.

யார் அந்தப் பழைய லியோ?

13-வது லியோ, 1878 முதல் 1903 வரை போப்பாண்டவராக இருந்தவர். 1891-ஆம் ஆண்டு மே 15-இல் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். அம்மடலின் பொருள், தொழிலாளியின் நிலைமை!

"கூலியைப் பேசித்தானே வந்தாய்? ஒப்புக்கொண்ட பிறகு முணுமுணுப்பு ஏன்?" முதலாளிமார் அன்றும் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். அந்தக் கேள்விக்கு மடல் தந்த பதில் கூர்மையானது. பசிக்கு அஞ்சி, வேறு போக்கிடம் இன்றி, போதாத கூலிக்கு ஒருவன் தலையாட்டினால், அது ஒப்பந்தமாகாது. அவன்மீது இழைக்கப்பட்ட வன்முறை, அநீதி என்றது. சிக்கனமாக வாழும் உழைப்பாளி உயிர்வாழப் போதுமான கூலி தரப்பட வேண்டும் என்பது, முதலாளியும் தொழிலாளியும் பேசிக்கொள்ளும் பேச்சுக்கு மேற்பட்ட இயற்கை நீதி என்றது. சங்கம் அமைப்பது மனிதனின் இயற்கை உரிமை என்றது. பிஞ்சுக் குழந்தைகளை ஆலைக்குள் தள்ளாதே என்றது.

முழுக்க முழுக்க நம் பாட்டையா பாடினார்? இல்லை. தனியுடைமையை மீறலாகாது என்றார். சமதர்மத்தை மறுத்தார். மனிதருக்குள் ஏற்றத்தாழ்வு இயற்கை என்றார். மார்க்சும் ஏங்கல்சும் தம் அறிக்கையை வெளியிட்டு 43 ஆண்டுகள் ஓடிய பிறகே அம்மடல் வந்தது. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

கதவைத் தட்டியவர் யார்?

மாளிகையிலே இருந்தவருக்கு ஆலைத் தொழிலாளியின் நினைவு வந்தது எப்படி? தொழிலாளி தட்டினான், கதவு திறந்தது!

1886 மே முதல் நாள், எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மே 4-இல் சிக்காகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்திலே குண்டு வெடித்தது. வீசியவன் யார் என்பது இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டு நவம்பர் 11-இல் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அந்த மே தினத்தைத்தான் 1923-இல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் கொண்டாடினார்.

1887-இல் கார்டினல் கிப்பன்ஸ் ரோமாபுரி சென்று, அமெரிக்கத் தொழிலாளர் சங்கமான 'நைட்ஸ் ஆப் லேபர்' அமைப்பைக் கண்டிக்கவேண்டாம் என்று வாதாடினார். 1889-இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்னி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, கார்டினல் மானிங் நடுநின்று பேசினார். கேட்ட கூலி கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு பிறந்ததுதான் 1891-ஆம் ஆண்டு மடல். மை ரோமாபுரியினுடையது, வியர்வை தொழிலாளியினுடையது.

இன்னொன்றும் கேளுங்கள். சிக்காகோ தெருவிலே பிறந்த மே தினத்தை, 12-வது பயஸ் 1955-இல் 'உழைப்பாளர் புனித சூசையப்பர்' திருநாள் ஆக்கினார். அதே 1955-இல், அதே சிக்காகோவிலே பிறந்தவர்தான் இன்றைய லியோ!

கணக்குக் கேட்போம்

தற்செயலாகச் சூடிய பெயரா இது? அல்ல. 2025 மே 10-இல், கார்டினல்களிடையே அவரே காரணம் கூறினார். முன்னவர் முதல் தொழிற்புரட்சியின் காலத்திலே பேசினார். இன்று செயற்கை நுண்ணறிவு இன்னொரு தொழிற்புரட்சியைக் கொண்டுவந்திருக்கிறது. மனித மாண்பையும், நீதியையும், உழைப்பையும் காக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

நல்ல சொல். வரவேற்கிறேன். இன்று உணவுப் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு வெயிலிலே பறக்கும் இளைஞனுக்கு மேஸ்திரி இல்லை. கைபேசியிலே ஒரு செயலி! கூலியைக் குறைப்பதும் அது. வேலையை விட்டு நிறுத்துவதும் அது. முறையிட முகமில்லை. சம்மதம் என்று அவன் விரல் தொட்டதைக் காட்டி, "ஒப்புக்கொண்டாயே" என்கிறார்கள். 1891-இலேயே ரோமாபுரி பதிலளித்த அதே கேள்வி!

ஆனால், பெயர் சூடியவர் பெயரோடு கடனையும் ஏற்கிறார். அக்கடனை முதலில் தன் வீட்டிலே தீர்க்கவேண்டும். திருச்சபையும் ஒரு முதலாளிதான். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அதனிடம் கூலி வாங்குவோர் ஏராளம். 2024-இல் வாடிகன் அரும்பொருட்சாலை ஊழியர் 49 பேர், மிகைநேர ஊதியம் குறித்தும் பணியிடப் பாதுகாப்புக் குறித்தும் முறையிட்டார்கள். அந்த முறையீடு, போப்பாண்டவரின் ஜன்னலுக்குக் கீழேயே எழுந்த குரல்.

எனவே, தோழர்களே, வருக என்போம்; வாழ்த்துவோம்; வாழ்த்திவிட்டு வாளாவிருக்கமாட்டோம். முதல் கடிதத்தை எழுதவைத்தது வேலைநிறுத்தம் செய்த கைகள். இரண்டாவது லியோவின் சொல் செயலாவதும் அந்தக் கைகளிலேதான் இருக்கிறது. தட்டிக்கொண்டே இருப்போம்!