கதவுக்குக் கீல் எந்தப் பக்கம்?

போன வருடம் ஒரு மதிய நேரம். என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. ஆனாலும் கதவைத் திறக்க முடியவில்லை. உள்பக்கமாகத் திறக்கும் கதவு. அவர் விழுந்து கிடந்ததோ அந்தக் கதவை ஒட்டி. தள்ளினால் அவர் காலில் இடித்தது. கதவையே கழற்றிவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடி வந்தார். வெளியிலிருந்து கழற்ற ஒன்றுமே இல்லை. கீல்கள் உள்ளே இருந்தன. அவரே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வழிவிட இருபது நிமிடம் ஆனது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

அதுவரை கீலைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. வீடு கட்டியபோது எந்த மரம், எந்த டிசைன், கைப்பிடி என்ன நிறம் என்று நாள்கணக்கில் அலைந்தோம். கீல் மட்டும் ஆசாரி எழுதிக் கொடுத்த சீட்டின் கடைசி வரியில் வந்துசேர்ந்தது.

சாதாரணக் கீலில் இரண்டு தகடுகள், அவற்றைச் சேர்க்கும் ஒரு குழல், குழலுக்குள் ஒரு கம்பி. அவ்வளவுதான். கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ, குழல் அந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். வாசல் கதவுக்கு அது வீட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியே இருந்தால், எத்தனை பூட்டு போட்டாலும் கம்பியைத் தட்டி எடுத்துக் கதவைப் பெயர்த்துவிடலாம். மொட்டை மாடிக் கதவு போல வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால், கம்பியைக் கழற்ற முடியாதபடி செய்த கீலாகக் கேட்டு வாங்குங்கள். வயதானவர்கள் புழங்கும் குளியலறைக்கு நேர்மாறு. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்; கம்பி சுலபமாகக் கழலட்டும்.

அடுத்தது எடை. 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், 40 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தேக்குக் கதவு 50 கிலோவைத் தாண்டும். அத்தனை பாரமும் மேல் கீலை வெளியே இழுக்கிறது. கீழ்க் கீலை நிலையோடு சேர்த்து அழுத்துகிறது. அதனால் முதலில் தளர்வது எப்போதும் மேல் கீல்தான். இப்படிப்பட்ட கதவுக்கு 5 அங்குலக் கீல் மூன்றாவது வேண்டும், நான்கு என்றால் இன்னும் நல்லது. அறைக் கதவுகளுக்கு 4 அங்குலத்தில் மூன்று. இரண்டு போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மிச்சமாகும் காசு ஒரு வேளை டிபனுக்கு வராது.

மழைக்காலத்தில் கதவு இறுகினால் உடனே அடியில் இழைப்புளி போட்டு இழைத்துவிடுகிறோம். பொறுங்கள். பூட்டுப் பக்கத்தின் கீழ் மூலை மட்டும் தரையில் உரசுகிறதா? அதே பக்கம் மேலே இடைவெளி கூடியிருக்கிறதா? அப்படியானால் மரம் ஊதவில்லை, மேல் கீலின் திருகு தளர்ந்திருக்கிறது. திருகைக் கழற்றி, ஓட்டையில் மரப்பசை தடவிய தீக்குச்சிகளைத் திணித்து, காய்ந்தபின் கொஞ்சம் நீளமான திருகாகப் போட்டாலே கதவு நிமிர்ந்துவிடும். இழைத்த மரம் திரும்ப வராது.

திருகு என்றதும் ஞாபகம் வருகிறது. வேலை சீக்கிரம் முடிய, திருகைச் சுத்தியலால் முக்கால்வாசி அடித்துவிட்டுக் கடைசியில் இரண்டு சுற்று மட்டும் முறுக்குவது பல இடங்களில் வழக்கம். அடித்த திருகு மர நாரை நசுக்கிவிடும், பிடிப்பே இருக்காது. சின்னதாகத் துளை போட்டுத்தான் முறுக்க வேண்டும். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள், தப்பில்லை.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம், கடலை ஒட்டியே வீடு என்றால் 316. 202 ரகம் விலை குறைவு, ஆனால் உப்புக் காற்றில் கறை ஏறும். காந்தம் வைத்துச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். 202-ம் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. திருகும் அதே உலோகத்தில் இருக்க வேண்டும். நல்ல கீலில் இரும்புத் திருகைப் போட்டால் முதலில் துருப்பிடிப்பது திருகுதான்.

சமையலறை அலமாரிகளுக்கு இப்போது எல்லோரும் ஆட்டோ கீல்தான் போடுகிறார்கள். இதில் மூன்று வகை. கதவு பக்கப் பலகையை முழுக்க மூடுவது, நடுப்பலகையை இரண்டு கதவுகள் பாதிப் பாதியாகப் பகிர்வது, கதவு சட்டத்துக்குள்ளேயே அடங்குவது. வகை மாறினால் கதவு ஒழுங்காக மூடாது, எனவே பலகை அமைப்பைப் படம் வரைந்து கடைக்கு எடுத்துப் போங்கள். 3 அடி உயரக் கதவுக்கு இரண்டு, 5 அடிக்கு மூன்று, 7 அடிக்கு நான்கு. சிங்க்குக்கு அடியில் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கிவிடுங்கள். கதவு கோணலாகத் தொங்கினால் ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. கீலிலேயே திருகுகள் இருக்கின்றன. ஒன்று பக்கவாட்டில் நகர்த்தும், ஒன்று முன்பின், பலகையில் உள்ளவை மேல்கீழ். அரைச் சுற்றாகத் திருகிப் பாருங்கள்.

மெதுவாக மூடும் கீல் போட்டால் குழந்தையின் விரலுக்கு ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். அறைக் கதவில் மோசமான நசுக்கல் நடப்பது கைப்பிடிப் பக்கம் அல்ல, கீல் பக்கம். கதவு திறந்திருக்கும்போது அங்கே ஒரு பிளவு தெரியும்; மூடும்போது அது கத்தரி மாதிரி சேரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பிளவை மறைக்கும் பிளாஸ்டிக் பட்டை கட்டாயம்.

கீச் சத்தத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசியைச் சேர்த்துக்கொண்டு பிசினாகிவிடும். கம்பியை உருவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

எங்கள் குளியலறையில் நிலையையே பெயர்த்துத் திருப்பிப் போட்டோம். ஆசாரிக்கு அதில் சம்மதமே இல்லை, "கதவுல பட்ட தண்ணியெல்லாம் ரூமுக்குள்ள சொட்டும்மா" என்றார். சொட்டத்தான் செய்கிறது. வாசலில் ஒரு கால்மிதியைப் போட்டிருக்கிறேன். உள்தாழ்ப்பாளுக்குப் பதில், அவசரத்துக்கு வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கும் பூட்டு. அதற்கென்று ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை நிலையின் மேல் வைத்திருக்கிறோம். வாரம் ஒரு முறை அது அங்கே இருக்கிறதா என்று மாமியாரே எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.