கடல் வழி வந்த சொற்கள்

நுவரெலியா மலைச்சாரலிற் பயிலும் மாணவர் சிலர், ஆங்கிலம் தமக்கு முற்றிலும் அந்நியமான மொழியென அஞ்சுகின்றனர். கடல் தொடர்பான மூன்று ஆங்கிலச் சொற்களின் பிறப்பை நோக்கின் அவ்வச்சம் நீங்கும்.

முதலாவது 'கட்டமரான்'. இது நம் 'கட்டுமரம்' அன்றி வேறன்று. சோழமண்டலக் கரை மீனவர் மரங்களைக் கயிற்றாற் பிணைத்துக் கடலோடியதை ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பயண நூலிற் குறித்துள்ளார். பின்னர் ஆங்கிலத்தில் இச்சொல் இரட்டை உடல் கொண்ட படகையும் குறிக்கலாயிற்று. அவ்வமைப்போ பசிபிக் தீவினர் கண்டது. பெயர் தமிழருடையது, கலம் பிறருடையது!

அடுத்தது 'மொன்சூன்'. அரபு மொழியில் 'மவ்சிம்' என்பது பருவம். கலம் செலுத்துதற்குரிய காற்றின் காலத்தைக் குறித்த அச்சொல்லைப் போர்த்துக்கேயர் ஏற்றனர். அவர் வாயிலாக அஃது ஆங்கிலத்தை அடைந்தது. 'பருவக்காற்று' என நாம் வழங்குவதும் அதே கருத்தன்றோ?

மூன்றாவது 'டீ'. சீனத்தின் புக்கியன் கரையோர மக்கள் 'தே' என்றனர். ஒல்லாந்த வணிகர் அப்பெயரைச் சரக்கோடு கப்பலேற்றினர். நம் 'தேயிலை'யில் நிற்கும் 'தே'யும் அதுவே. இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் வணிகத்துக்கெனத் தேயிலை பயிரிட்டார். கொழுந்து பறிப்போரின் முன்னோரும் தமிழகத்திலிருந்து கடல் கடந்தே வந்தனர்.

ஆகவே மாணவர்களே, ஆங்கிலச் சொல்லின் எழுத்தை மட்டும் மனனஞ் செய்யாதீர். அதன் ஊரையும் வினவுங்கள். சில வேளைகளில் அது நம் ஊராகவே இருக்கும்.